உடலுக்குள் ஒரு கடிகாரம்: அதுவும் ஓர் அமானிதம்

இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்த வல்ல அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இன்று உறக்கத்தைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். ஜும்ஆ உரையில் பேசுவதற்கு உறக்கமும் ஒரு பொருளா என்று சிலர் நினைக்கக்கூடும். ஸுப்ஹுத் தொழுகையில் ஒரு ஸஃப் நிரம்புவதற்கு நமது மஹல்லாக்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ஒரு ஜும்ஆவில் நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பகலில் உறங்கிக்கொண்டு லுஹர் ஜமாஅத்தைத் தவறவிடுபவர்களைப் பற்றி மிம்பரில் கடுமையாகப் பேசினேன். சோம்பேறிகள் என்ற சொல்லையும் பயன்படுத்தினேன். தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் என்னருகில் வந்து அமர்ந்தார். ஒரு கிடங்கில் இரவுக் காவலராகப் பணிபுரிபவர். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை அவருக்கு வேலை.

"ஹஜ்ரத், ராத்திரி தூங்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். காலையில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பத்து மணிக்கு மேல்தான் கண் அசருகிறது. பாங்கு சொல்வது காதிலே விழுகிறது, உடம்பு எழுந்திருக்க மறுக்கிறது. நீங்கள் சொன்ன சோம்பேறி நான்தானா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் தக்க பதில் இல்லை. உறங்கியவர் விழித்தவுடன் தொழுதுகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பினேன். பத்து மணி நேரம் விழித்திருந்த மனிதருக்குப் படுத்தவுடன் உறக்கம் வராதது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. மருத்துவம் அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

இருளிலும் ஓடும் கடிகாரம்

தொட்டாற்சிணுங்கிச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வகைச் செடியின் இலைகள் பகலில் விரியும், இரவில் மூடிக்கொள்ளும். சூரிய ஒளி பட்டு விரிகிறது, ஒளி நீங்கியதும் மூடுகிறது என்றே எவரும் எண்ணுவர். 1729-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் தெ மைரான் அச்செடியை ஒளி புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே பொழுது விடிந்தபோது, இருளிலிருந்த செடியின் இலைகளும் விரிந்தன. மாலை வந்தபோது மூடின. கதிரவனைக் காணாமலே அச்செடி நேரத்தை அறிந்திருந்தது.

மனிதனுக்கும் அப்படி ஒன்று உண்டா என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் நதானியல் க்ளைட்மன். 1938-ஆம் ஆண்டு அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட்சனும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினர். வெளிச்சமோ வெளியோசையோ எட்டாத அந்த இடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வகுத்துக்கொண்டு உறங்கி விழித்தனர். இளைஞரான மாணவரின் உடல் அந்தக் கணக்குக்கு ஓரளவு இணங்கியது. 43 வயதான க்ளைட்மனின் உடலோ இணங்கவே இல்லை. அவருடைய உடல் வெப்பம் 24 மணி நேரக் கணக்கிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுக்கும் நேரத்தை மனிதன் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நேரம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

1962-ஆம் ஆண்டு மிஷல் சிஃப்ர் என்ற இளைஞர் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு பனிக்குகையில் கைக்கடிகாரம் இல்லாமல் தனியாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே வரும்படி அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் நினைத்திருந்தார். மனக்கணக்கில் 25 நாட்கள் காணாமற்போயிருந்தன. ஆனால் அவர் உறங்கி விழித்த குறிப்புகளைப் பார்த்தபோது, அவருடைய உடல் 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஒரு சுற்றை விடாமல் கடைப்பிடித்திருந்தது. மனம் மறந்த கணக்கை உடல் மறக்கவில்லை.

அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உண்டு. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்கு நேர் மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பு உயிரணுக்கள் அங்கே கூட்டமாக அமைந்துள்ளன. அதுவே தலைமைக் கடிகாரம். கல்லீரல், இதயம், குடல் என உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் சிறு கடிகாரங்கள் உள்ளன. அவை தலைமைக் கடிகாரத்தோடு ஒத்துப்போகின்றன. உயிரணுவுக்குள் சில புரதங்கள் சேர்ந்து பெருகி, பெருகியதும் தம் உற்பத்தியைத் தாமே நிறுத்தி, பிறகு சிதைந்து, மீண்டும் தொடங்குகின்றன. இந்தச் சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களை வைத்து இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு சிறு ஈயின் உடலில் கூட நேரத்தை அமைத்து வைத்தவன் எவ்வளவு தூய்மையானவன்! சுப்ஹானல்லாஹ்!

ஒளியால் திருத்தப்படும் நேரம்

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தக் கடிகாரம் மிகச் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. 1999-இல் வெளியான ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வின்படி அது சராசரியாக 24 மணி 11 நிமிடம் ஓடுகிறது. திருத்தாமல் விட்டால் ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகப் பிந்திவிடும். ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திக் கொடுப்பது ஒளி.

நம் விழித்திரையில் பார்ப்பதற்கான உயிரணுக்கள் இருப்பதைப் போல, நேரத்தை அறிவிப்பதற்கென்றே தனி வகை உயிரணுக்களும் உள்ளன. அவை தலைமைக் கடிகாரத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. குறிப்பாக நீல நிறம் கலந்த ஒளி அவற்றைத் தூண்டுகிறது. காலை வானத்தின் ஒளியில் அது நிறைய உண்டு. செல்போன் திரையிலும், வெண்ணிற எல்.இ.டி. விளக்கிலும் அது உண்டு.

பொழுது சாய்ந்து ஒளி குறையும்போது, தலைமைக் கடிகாரம் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்க அனுமதிக்கிறது. வழக்கமாக உறங்கும் நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே அது சுரக்கத் தொடங்கிவிடும். இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் சொல்லும் அறிவிப்பு அது. உடல் வெப்பம் மெல்ல இறங்கி, விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்த அளவை அடையும். பிறகு ஏறத் தொடங்கும். கார்டிசால் என்ற மற்றொரு ஹார்மோன் அதிகாலையில் பெருகி, எழுவதற்கு உடலை ஆயத்தப்படுத்தும்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது உறக்கத்தின் பாரம். உறங்கும்போது அந்தப் பாரம் இறங்கும். தேநீரும் காபியும் அந்தப் பாரத்தை இறக்குவதில்லை. பாரம் தெரியாமல் மறைக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குக் குடித்த தேநீரின் வீரியத்தில் ஏறத்தாழ பாதி, நள்ளிரவு தாண்டியும் உடலில் இருக்கும்.

உறக்கத்தின் பாரமும் கடிகாரத்தின் அனுமதியும் ஒன்று சேரும்போதுதான் நல்ல உறக்கம் வருகிறது. அந்தக் காவலருக்குப் பாரம் இருந்தது, அனுமதி இல்லை. வேலை முடிந்து காலை வெயிலில் நடந்து வீடு சேர்ந்தார். அந்த ஒளி அவருடைய கடிகாரத்திற்குப் பகல் வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டது. அவரைச் சோம்பேறி என்று சொன்னது என் அறியாமை.

நம் வீட்டு இரவுகள்

சகோதரர்களே! ஒளி இந்தக் கடிகாரத்தை இரண்டு திசைகளில் தள்ளக்கூடியது. இரவில் கண்ணில் படும் ஒளி அதைப் பின்னால் தள்ளும். அதிகாலையில் படும் ஒளி அதை முன்னால் இழுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீடுகளின் இரவை எண்ணிப் பாருங்கள்.

கடையைப் பூட்டிவிட்டுத் தந்தை பத்தரை மணிக்கு வருகிறார். அதன் பிறகு உணவு. பதினொன்றரைக்கும் கூடத்தில் விளக்குகள் எரிகின்றன. பிள்ளைகளின் கையில் செல்போன். பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் ஒரு திரை ஒளிர்கிறது. உடலின் கடிகாரம் ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாகப் பின்னுக்குப் போகிறது. ஸுப்ஹு பாங்கு ஒலிக்கும்போது வெளியே விடியல், அந்தப் பிள்ளையின் உடலுக்குள்ளோ நடு இரவு. அந்த நேரத்தில் தந்தை அவனை உலுக்குகிறார், திட்டுகிறார். அவனும் எரிச்சலோடு எழுகிறான், அல்லது எழாமலே கிடக்கிறான். தொழுகையின் மீதே அவனுக்கு ஒரு கசப்பு வந்துவிடுகிறது. அவனுடைய கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதில் நம் வீட்டு விளக்குக்கும் பங்கு உண்டல்லவா?

பருவ வயதுப் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். அந்த வயதில் கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. சிறு பிள்ளையாக இருந்தபோது ஒன்பது மணிக்குக் கண் சொருகியவனுக்குப் பதினைந்து வயதில் பதினொரு மணி வரை உறக்கம் வராமல் இருக்கலாம். அவர்களுக்கோ நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இதனாலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல், பருவ வயதினர் படிக்கும் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஸுப்ஹுத் தொழுகையின் நேரத்தை நாம் தள்ளிவைக்க முடியாது. ஆகவே இயல்பாகப் பிந்தும் கடிகாரத்தைச் செல்போன் ஒளியால் மேலும் பிந்தச் செய்யாமல் காப்பது நம் கடமையாகிறது.

நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் விரும்பவில்லை என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. கல்வி, விருந்தினர், குடும்பத்தாரோடு உரையாடல் போன்ற தேவைகளுக்கு அறிஞர்கள் விலக்கு அளித்துள்ளனர். உறங்கும்போது விளக்குகளை அணைத்துவிடும்படியும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். தீ விபத்திலிருந்து காப்பதே அதற்கு ஹதீஸில் சொல்லப்பட்ட காரணம். இன்றைய விஞ்ஞானத்தை ஹதீஸுக்குள் வலிந்து புகுத்த வேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்த ஸுன்னத்தைப் பேணிய வீட்டில் இருள் இருந்தது, இருள் இருந்த வீட்டில் உறக்கம் இருந்தது என்பது போதும்.

இரவை ஆடையாகவும், உறக்கத்தை ஓய்வாகவும், பகலை வாழ்வாதாரம் தேடும் நேரமாகவும் ஆக்கியதாக அந்நபஉ அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா நினைவூட்டுகிறான். அந்த ஆடையை நாம்தான் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

பிலால் (ரலி) அவர்களை உறக்கம் மிகைத்த இரவு

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் இரவு முழுவதும் பயணம் செய்து, இறுதிப் பகுதியில் களைப்பால் ஓரிடத்தில் தங்கினார்கள். விடியலைக் கவனித்து எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் தம்மால் இயன்ற அளவு தொழுதார்கள். விடியல் நெருங்கியபோது, அது உதிக்கும் திசையை நோக்கியவாறே தம் ஒட்டகத்தின் மீது சாய்ந்தார்கள். உறக்கம் அவர்களை மிகைத்துவிட்டது. வெயில் மேனியில் பட்ட பிறகே அனைவரும் விழித்தனர். முதலில் விழித்தவர்கள் நபியவர்கள்தாம். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) அவர்கள் கூறினார்கள். நபியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அங்கிருந்து சிறிது தூரம் சென்று, உளூச் செய்து, ஜமாஅத்தாகத் தொழவைத்தார்கள். இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது.

இதைப் போன்ற மற்றொரு பயண நிகழ்ச்சியை அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உறங்கிப்போவதில் குற்றமில்லை, விழித்திருக்கும்போது காட்டும் அலட்சியமே குற்றம் என்ற கருத்தை நபியவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள்.

பெருமக்களே! நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான். ஸுப்ஹு நேரத்தில் எழ முடியாமல் கிடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நாம் ஏறத்தாழச் சக்தியற்றவர்கள். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, உறக்கத்தின் பிடி மிகவும் இறுகியிருக்கும் நேரம் அது. பிலால் (ரலி) அவர்களையே அது மிகைத்தது. நம்மிடம் கேள்வி கேட்கப்படுவது நாம் விழித்திருந்த நேரத்தைப் பற்றித்தான். முந்தைய இரவு பதினொரு மணிக்கு நாம் விழித்திருந்தோம். அப்போது கையில் என்ன வைத்திருந்தோம்?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எழும் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஸுப்ஹுக்கு எழுந்தவர் தொழுகை முடிந்ததும் ஜன்னலை மூடிக்கொண்டு மீண்டும் படுத்துவிடாமல், கிழக்கு வெளுத்த பிறகு அரை மணி நேரமாவது வெளியே நடக்கட்டும். அந்த ஒளி அன்றிரவே உறக்கத்தை முன்னதாகக் கொண்டுவரும். இந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நகர்வதே கடினம். ஆகவே இரண்டு வாரம் பொறுமை தேவை. ரமளானில் இரவெல்லாம் விழித்திருந்து பழகிய உடல் பெருநாள் கழிந்ததும் ஸுப்ஹுக்கு எழ மறுப்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவதாக, இஷாவுக்குப் பின் வீட்டில் பெரிய விளக்குகளைக் குறையுங்கள். செல்போன்கள் படுக்கையறைக்கு வெளியே இரவைக் கழிக்கட்டும். தந்தையின் செல்போனும் அதில் அடங்கும்.

மூன்றாவதாக, நிர்வாகிகளுக்கும் எங்களைப் போன்ற ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு மணி வரை ஒலிபெருக்கியில் பயான் செய்துவிட்டு, மறுநாள் ஸுப்ஹில் மக்களைக் காணோம் என்று குறைப்படுவது முறையல்ல. நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். மஹல்லாக் கூட்டங்களையும் நிக்காஹ் விருந்துகளையும் பத்து மணிக்குள் முடித்துவிடுவோம்.

நான்காவதாக, பகலில் சிறிது நேரம் உறங்கும் கைலூலா. ஜும்ஆ தொழுத பிறகே நாங்கள் உண்போம், கைலூலா செய்வோம் என்று ஸஹ்ல் (ரலி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் உள்ளது. நண்பகலுக்குப் பிறகு உடலின் விழிப்பு சற்றே தாழ்வது இயல்பு. வயிறு நிறைய உண்ணாதவர்களிடமும் அது காணப்படுகிறது. இருபது நிமிட உறக்கம் அதற்குப் போதும். மாலைவரை நீண்டால் அது இரவின் உறக்கத்தைத் தின்றுவிடும்.

ஐந்தாவதாக, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர இரவில் விமான நிலையம் சென்று, விடியற்காலையில் வண்டி ஓட்டித் திரும்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரையுள்ள நேரத்தில்தான் ஓட்டுநர் கண்ணயரும் விபத்துகள் அதிகம் நிகழ்கின்றன. ஓட்டுநருக்கு உறங்க இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு, விடிந்த பிறகு புறப்படுங்கள். வீட்டார் காத்திருக்கட்டும்.

ஆறாவதாக, இல்லத்தரசிகளை எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் பின் படுத்து, எல்லோருக்கும் முன் எழுபவர் அவரே. உம் உடலுக்கும் உம் கண்ணுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உணர்த்தினார்கள். அந்த உரிமை நம் வீட்டுப் பெண்களின் கண்களுக்கும் உண்டு. இரவு உணவை ஒரு மணி நேரம் முன்னதாக முடிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம்.

இரவில் உழைப்போர்

காவலர்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள், கணினி நிறுவன ஊழியர்கள் என இரவில் உழைப்போர் நம்மிடையே பலர். உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே முடிந்தவர்கள் பகல் பணிக்கு மாற முயல வேண்டும். முடியாதவர்களுக்கு, அவர்கள் உறங்கும் அறையை இருட்டாக்கிக் கொடுப்பதும், பிள்ளைகள் சத்தமிடாமல் பார்த்துக்கொள்வதும், பகலில் விருந்தாளிகளைக் கொண்டு அவர்களை எழுப்பாமல் இருப்பதும் குடும்பத்தார் செய்யும் ஸதகாவாகும்.

இதை அறிந்துகொண்ட பிறகு நான் அந்தக் காவலரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். மேலே நான் சொன்னவற்றை அவரிடமும் சொன்னேன். அவருடைய மனைவி ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை ஒன்றைத் தைத்து மாட்டினார். வேலை முடிந்து வரும்போது தலைத்துண்டை நெற்றிவரை இழுத்து, நிழலோரமாக நடந்து வருகிறார். இப்போது ஏழு மணிக்கெல்லாம் உறங்கிவிடுவதாகச் சொல்கிறார். பெரும்பாலான நாட்களில் லுஹர் ஜமாஅத்தில் அவரைப் பார்க்கிறேன். பார்க்காத நாட்களில் ஏன் வரவில்லை என்று நான் கேட்பதில்லை. எழுந்ததும் வீட்டில் தொழுதிருப்பார் என்பதை அறிவேன்.

இரவை மறுமை நாள்வரை நீட்டிவிட்டால் ஒளியைக் கொண்டுவருபவர் யார், பகலை நீட்டிவிட்டால் நீங்கள் இளைப்பாறும் இரவைக் கொண்டுவருபவர் யார் என்று அல்கஸஸ் அத்தியாயத்தில் அல்லாஹ் நம்மைக் கேட்கிறான். அவன் தந்த இரவை அவனுக்கு நன்றி செலுத்தும் வகையில் இன்றிரவே திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

வல்ல ரஹ்மான் நம் இரவுகளை அமைதியுள்ளதாகவும், நம் விடியல்களை பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக! நம் பிள்ளைகளை ஸுப்ஹுத் தொழுகையை விருப்பத்தோடு தொழுபவர்களாக ஆக்குவானாக! இரவில் கண்விழித்து ஹலாலான முறையில் உழைப்பவர்களின் உடல் நலத்தைக் காப்பானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.